பொன்னாங்கண்ணி முளைத்த வாய்க்கால்

என் கணவருக்கு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி பேட்டரிக் கடை. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி மறுபடி வார்ப்பார். மிஞ்சும் ஆசிட் தண்ணீரைப் பின்பக்க வாய்க்காலில் கொட்டுவார். அது ஏரிக்குப் போகும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தவர் அவருடைய அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர். கல்யாணமாகிப் போனவர், கணவர் இறந்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டார். என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. தம்பியின் வேலை உடுப்புகளை மட்டும் என்னைத் தொட விடமாட்டார்.

"ஆசிட் பட்ட துணிம்மா. உன் கை புண்ணாயிடும், இங்க குடு" என்று வாங்கிப்போய் அவரே கசக்குவார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மண் வாசலைப் பெருக்குவதும் அவர்தான்.

வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் ஆகாயத்தாமரையை ஒட்டிப் பொன்னாங்கண்ணி தழைத்துக் கிடக்கும். சாயங்காலம் போய் மடி நிறையப் பறித்து வருவார். பூண்டு தட்டிப் போட்டுப் பருப்போடு கடைவார். எனக்குக் கீரை பிடிக்காது. அக்காவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

முதலில் வயிற்றுவலிதான் வந்தது. பாயில் சுருண்டு படுத்துக்கொள்வார். கேஸ் டிரபிள் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு முகம் வெளுத்தது, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், கீரை நிறையச் சாப்பிடச் சொன்னார். டாக்டரே சொல்லிவிட்டாரே என்று என் கணவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பறித்து வந்தார். முற்றலும் இளசும் கலந்து கிடந்ததைப் பார்த்து அக்கா சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு காலையில் டீ ஊற்றும்போது அக்காவுடைய வலது மணிக்கட்டு அப்படியே மடங்கித் தொங்கியது. கையை நிமிர்த்தப் பார்த்தார், நிமிரவில்லை. பக்கவாதம் என்று பயந்து சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கே இருந்த பெண் டாக்டர் அக்காவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரமாக நீலக் கோடு ஓடியிருந்தது. நாங்கள் அதைக் கறை என்று நினைத்திருந்தோம். "வூட்ல என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். என் கணவர் சொன்னார். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "ஈயம்ங்க. பல வருஷமா உடம்புல சேர்ந்திருக்கு."

"அக்கா கடைக்குள்ளயே வர்றதில்லீங்களே. உருக்கறது நான்தானுங்க."

"உங்க உடம்புலயும் இருக்கும். புகையில, மண்ணுல, துணியில, வாய்க்கால் தண்ணியில எல்லாம் இருக்கு. அந்தத் தண்ணியில வளர்ற கீரையிலயும் இருக்கும். எதுல இருந்து எவ்வளவு வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நல்லா அலசித்தானுங்க ஆக்குவாங்க" என்றேன் நான்.

"இலைக்குள்ள ஏறினது அலசினா போகாதும்மா. உடம்புலயும் அப்படித்தான். எலும்பு அதைச் சுண்ணாம்புச்சத்துன்னு நெனச்சு வாங்கி வச்சிக்கும். வயசாகி எலும்பு தேயறப்போ கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடும்."

எனக்கும் என் கணவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு அதிகம், எனக்குக் குறைவு. அக்கா என்னைத் தொட விடாத துணிகளை நினைத்துக்கொண்டேன்.

சிகிச்சையில் வயிற்றுவலி போயிற்று. கை திரும்பவில்லை. அந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், கம்பைநல்லூரில் என் கணவரின் சின்னம்மா மகள் வீட்டில் அக்காவை விட்டோம். கட்டடத்தை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு வேறு இடம் இல்லை. என் கணவர் உருக்கும் வேலையை நிறுத்தினார். வாசல் மண்ணை வெட்டியெடுத்துவிட்டு சிமெண்ட் போட்டார். இப்போது புது பேட்டரி மட்டும்தான் விற்கிறார்.

போன மாதம் பார்க்கப் போனபோது மதியச் சோறு வைத்தார்கள். இடது கையால் சாப்பிட அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. வலது கை மணிக்கட்டில் தொங்கியது, வாய்க்கு நேராக நிமிரவில்லை. தட்டை நோக்கிக் குனிந்து, விரலில் ஒட்டியதை வாயால் எடுத்துக்கொண்டார். என் கணவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.

நான் பிசைந்து ஊட்டப் போனேன். "வேணாம்மா, பழகிருச்சு" என்றார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சிமெண்ட் போட்டாச்சில்ல, இப்ப நம்ம வூட்டுக்கு வரலாமாடா?"

"கொஞ்ச நாள் ஆவட்டும்க்கா."

"ஏரியில கீரை இருக்குதா?"

"இருக்குது."

"யாராச்சும் பறிக்கறாங்களா?"

"பறிக்கறாங்க. சொன்னா கேக்கறதில்ல. பாக்க நல்லாத்தானே இருக்குதுங்கறாங்க."

"ஆமா, நல்லாத்தான் இருக்கும்" என்று அக்கா சொல்லிவிட்டு, தட்டை எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.