கண்மாய்க்கரைப் பின்னூட்டம்

இருபது வருஷம் ஒரு நாளிதழுக்கு அறந்தாங்கி நிருபராக இருந்தேன். அதிகாரிகளிடமிருந்து செய்திக்குறிப்பு வரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு வரி மாற்றி அனுப்புவேன், மறுநாள் அச்சாகிவிடும். தப்பென்று சொல்ல நினைப்பவர் கார்டு வாங்கி ஆசிரியருக்கு எழுதிப் போட வேண்டும். யார் போட்டார்கள்? அதனால் நான் தப்பே எழுதாதவன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நாளிதழ் வேலை போன பிறகு சொந்தமாக வலைப்பூ ஆரம்பித்தேன். பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. போன வருஷம் புரட்டாசியில், கறம்பக்குடிப் பக்கம் ஒரு கண்மாயின் கரையைப் பலப்படுத்திவிட்டதாகக் குறிப்பு வந்தது. அப்படியே போட்டேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, அடியில் ஒரு பெண்ணின் பின்னூட்டம்: "அண்ணே, நீங்க வந்து பாத்தீங்களா?" கூடவே ஒரு போட்டோ. மதகை ஒட்டிக் கரை அரித்துப்போய்ப் பெரிய பொந்து விழுந்திருந்தது.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. 'அதிகாரிகள் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன்' என்று பதில் எழுதினேன்.

"அவங்க சொல்லுவாங்கண்ணே. கரைக்குக் கீழ மொத வயலு என்னோடது. மழைக்கு ஒடைஞ்சா போறது என் ரெண்டு ஏக்கர் நடவுல்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார், அதுவும் ஊரே பார்க்க. துபாயில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் வேறு வரிசையாக வந்து, "பதில் சொல்லுங்க சார்" என்றார்கள்.

வீம்புக்குத்தான் மறுநாள் காலையில் பைக்கை எடுத்தேன். பொந்துக்குள் கையை விட்டால் தோள்வரை போகிறது! அந்தப் பெண் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்கண்ணே" என்று சொம்பை நீட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து, 'பார்க்காமல் எழுதினேன், தப்பு' என்று தொடங்கி, உள்ளதை எழுதிப் போட்டோவோடு போட்டேன். ஊர்க்காரர்கள் அதை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றவிட்டார்கள். அந்த வாரமே அதிகாரிகள் மண் லாரியோடு வந்து, பொந்தை அடைத்துக் கரையைக் கட்டினார்கள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. சோறு இறங்கவில்லை, எந்நேரமும் அந்தக் கரை நினைப்புதான். நாலாம் நாள் காலையில் அவருடைய பின்னூட்டம் வந்தது: "கண்மாய் நெறஞ்சிருச்சுண்ணே. கரை நிக்கிது, பயிரும் நிக்கிது. வந்து பாத்துட்டு எழுதுங்க."

இருபது வருஷத்தில் எந்த ஆசிரியரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. மகராசி நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.