ரங்கம்மாள் சொன்ன சம்மதம்

ரங்கம்மாள் பெரியநாயக்கன்பாளையத்து நாயுடு குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் வெங்கடபதிக்கு வாழ்க்கைப்பட்டுப் பீளமேட்டுக்கு வந்து, மில்லில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. சுவரை ஒட்டிய வீட்டில் சைக்கிள் கடை மீரான் ராவுத்தர் இருந்தார். அவர் மனைவி இறந்தபின், மகள் ஜுலைகாவுக்குத் தலைவாரிப் பின்னியவர் ரங்கம்மாள்தான். ஜுலைகா வாய் திறக்காத பெண். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால்கூட ரங்கம்மாளே முந்திக்கொண்டு சொல்வார்.

1959இல் ஜுலைகாவுக்குப் பெருந்துறையில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹ் என்ற அரபுச் சொல் அந்தத் தெருவில் 'நிக்கா' என்று வழங்கியது. கல்யாணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது என்பதற்கு மேல் ரங்கம்மாள் யோசித்ததில்லை.

அன்று ஆண்கள் வாசற்பந்தலில், நிக்காஹ் நடத்திவைக்க வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்தைச் சுற்றி அமர்ந்திருந்தனர். உள்ளறையில், திரைக்குப் பின்னால், ஜுலைகாவின் கையைப் பிடித்தபடி ரங்கம்மாள் இருந்தார். பெண்ணின் தாய்மாமன் சுல்தான் ராவுத்தர் இரண்டு சாட்சிகளுடன் வந்து திரைக்கு வெளியே நின்றார். மாப்பிள்ளையின் பெயரையும், அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "உனக்குச் சம்மதமா, தாயி?" என்று கேட்டார்.

ஜுலைகா தலை குனிந்திருந்தாள்.

"சம்மதந்தானுங்க! தங்கமான மாப்பிள்ளைங்க!" என்றார் ரங்கம்மாள்.



"இது யாரு குரலு?" என்றார் ஒரு சாட்சி.

"நாயுடம்மா, நீங்களா பேசுனது?" என்றார் சுல்தான் ராவுத்தர்.

"ஆமாங்க பாய். அவ பேச மாட்டாளுங்க. எப்பவும் நாந்தானுங்க சொல்லுவேன்."

"பெரிய சிக்கலாப் பண்ணிப்போட்டீங்களே! பிள்ளை பேசாம இருந்திருந்தாக்கூடச் சம்மதம்னு எடுத்திருப்போம். இப்ப எதை எடுக்கிறது?"

ரங்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம். சம்மதம் என்று சொன்னால் சிக்கல். பந்தலில் யாரோ, "பொண்ணுக்குப் பிடிக்கலையாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டால்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்க பாய், எங்க பக்கம் பொண்ணை யாருமே கேக்க மாட்டாங்க. தெரியாம சொல்லிப்போட்டனுங்க."

"சாட்சிங்க முன்னால மறுபடி கேளுங்க," என்று பந்தலிலிருந்து ஹஜ்ரத் குரல் கொடுத்தார். தாய்மாமன் மறுபடியும் கேட்டார். ஜுலைகா ரங்கம்மாளைப் பார்த்தாள். பொத்திய வாயோடு ரங்கம்மாள் தலையை மட்டும் ஆட்டப்போய், அதுவும் குற்றமாகுமோ என்று பாதியில் நிறுத்தினார். அவரைப் பார்த்து ஜுலைகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சம்மதமுங்க மாமா," என்றாள். சாட்சிகள் இருவரும் அதைக் காதால் கேட்டனர். நிக்காஹ் நடந்தது.

சாயங்காலம் ரங்கம்மாள் வீட்டுக்கு வந்தபோது வெங்கடபதி ஷிப்ட் முடிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நம்ம கல்யாணத்துக்கு என்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"என்னைய மட்டும் யாரு கேட்டாங்க? பசிக்குது, சோத்தைப் போடு."

தட்டை வைத்தார். சோற்றைப் போடாமல் கரண்டியோடு நின்றார். அன்று யாராவது திரைக்கு வெளியே நின்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை.

"சரி, இப்பக் கேக்கறேன். சம்மதமா?" என்றார் வெங்கடபதி, தட்டை நீட்டியபடி.

ரங்கம்மாள் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் தெரியாமல், சோற்றைப் போட்டார்.