பெண் காரில் எரிந்த ஆயில் லைட்

எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். பாலக்கோட்டுப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலிருந்து, கடத்தூரைத் தாண்டியிருந்த மாப்பிள்ளை ஊருக்கு என்னைக் கல்யாணப் பெண்ணாக அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை முகூர்த்தம். அப்பா, அம்மா, சொந்தபந்தமெல்லாம் முன்னாலேயே வேனில் போய்விட்டார்கள். வாடகை அம்பாசிடரில் நானும் அத்தையும் பின்னால், பெரியப்பா முன்னால்.

பெண் ஏறிய வண்டி மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும், நடுவழியில் நின்றால் சகுனம் சரியில்லை என்று பெரியப்பா டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு அத்தை போட்ட உத்தரவு வேறு. தலை நிமிரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

தலை குனிந்திருந்தால் என்ன, கண் சும்மா இருக்குமா? அந்தக் காரில் மீட்டரெல்லாம் முன்பக்கம் நடுவில் இருக்கும். அதன்மேல் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். தருமபுரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், சரத்துக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ மினுக்கியது. அப்புறம் அணையாமல் எரிந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். சரத்தை இழுத்து விளக்கை மறைத்துவிட்டு ஓட்டினார்.

முந்தின வருஷம் எங்கள் டிராக்டரில் ஆயில் குறைந்து இதே சிவப்பு லைட் எரிந்தபோது, இந்தச் சால் முடியட்டும் என்று ஓட்டினார்கள். இன்ஜின் இறுகிப்போய், உழவுக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் கிடந்தது. எங்களுக்காவது நிலம் இருந்தது. இந்த மனிதருக்கு இந்தக் கார்தான் சோறு போடுகிறது என்று காலையில் அவரே அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

"அண்ணா, ஆயில் லைட் எரியுதுங்க. நிறுத்துங்க."

அத்தை தொடையில் நறுக்கென்று கிள்ளினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தெரியுதுங்கம்மா. பொண்ணு வண்டிய எப்புடிங்க நடுவுல நிறுத்தறது? கொஞ்ச தூரந்தான், போயிரலாம்" என்றார். குரலில் தெம்பே இல்லை.

"நிறுத்தலன்னா நான் கதவத் தொறந்து எறங்கிருவேன்" என்றேன். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ!

நிறுத்தினார். இன்ஜினுக்கு அடியில் ஒரு நட் தளர்ந்து, ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. அளவு பார்க்கும் கம்பியை உருவினால் நுனிகூட நனையவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டிரைவரையும் காரையும் அங்கேயே விட்டுவிட்டு, பெரியப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸைக் கை காட்டினார். தலை நிறையப் பூவும் கழுத்தில் மாலையுமாக நான் ஏறியதும் பஸ்ஸே சிரித்தது. இடம் கொடுக்க நாலு பேர் எழுந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் காரைத் தேடினார்கள். பெரியப்பா பஞ்சர் என்று சமாளிக்கப் பார்த்தார். அத்தை விடுவாரா? "இவதான் எறங்கிருவேன்னு நிறுத்த வெச்சா" என்று போட்டு உடைத்தார். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. வந்ததுமே இப்படியா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நலங்கு வைக்க மாப்பிள்ளையைத் தேடினால் ஆளைக் காணோம். பெண் இப்படி என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று பயந்தேன். அம்மா மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதே அம்பாசிடர் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை. புது வேட்டி முழுக்க ஆயில் கறை. நடந்ததைக் கேட்டதும் நண்பரின் பைக்கை எடுத்துக்கொண்டு, கடத்தூரில் மெக்கானிக்கையும் ஆயில் டின்னையும் ஏற்றி, கார் நின்ற இடத்துக்குப் போயிருக்கிறார். மாமியார் போட்ட சத்தத்துக்கு, "அந்தப் பொண்ணு சொன்னது சரிம்மா. இன்ஜின் தப்பிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், பேசாமலும் இருந்திருக்கிறோம். ஆனால் முன்பின் பழகாத ஒருத்தி சொன்னதை மதித்து, நலங்கைக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போனவர் இவர் என்பது நினைவுக்கு வந்தால், என் கோபம் பாதியாகிவிடுகிறது.