நிமிர்ந்து பார்த்தவன்

"தங்கச்சி பால்கனியில நின்னு பாத்துக்கிட்டே இருக்கா, அவன் நிமிர்ந்துகூடப் பாக்காம போறான். மனுஷனா அவன்?" என்று கீழ்வீட்டுக்காரி படிக்கட்டில் நின்று பேசுகிறாள். பேசட்டும். நிமிர்ந்து பார்த்ததுதானே அவன் குடியைக் கெடுத்தது?

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷ வேலை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், கூண்டை நகர்த்தும் பொத்தானை அமுக்குமுன் கழுத்தை ஒடித்து ஒருதரம் மேலே பார்ப்பான். மேலே கூண்டு போகிற வழியில் யாராவது நின்றால் நசுங்கிப் போவார்களே! சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பார்வை போகாது. "என்னண்ணா, கூரை பத்திரமா இருக்கா?" என்று தங்கை சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் பறக்கப் போய்விடுவான். கைக்கும் விலாவுக்கும் நடுவே, காலுக்கும் காலுக்கும் நடுவே துணி வைத்துத் தைத்த சிறகு உடை. விமானத்திலிருந்து நாலு பேர் குதித்து, ஒருவருக்கு மேல் ஒருவராக, மாடி மாடியாகப் பறப்பார்கள். அடிமாடி இவன்தான். ஆடாமல் அசையாமல் போவதால் 'தூண்' என்று பெயர். மற்றவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துப் பறக்க வேண்டும். அவன் மட்டும் யாரையும் பார்க்கக் கூடாது. அடியில் இருப்பவன் தலையைத் தூக்கினால் வேகம் குறையும். மேலே இருப்பவன் அவன் முதுகுக்கு மேலே குழம்பிய காற்றில் மாட்டி, பொத்தென்று விழுவான்.

தங்கை புருஷனுக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. தனியாகக் குதித்துக் குதித்துப் பழகினான். அடுக்கில் சேர்ந்த முதல் நாள், மைத்துனனுக்கு நேர் மேலே இடம்.

"உன்னை நம்பித்தான் அனுப்பறேன்ணா."

"போடி, பயந்தாங்கொள்ளி" என்று அண்ணன் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆகாயத்தில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வளைய வேண்டிய இடம் வந்தது. பொத்தானை அமுக்கப் போகிறவன்போல, அவன் கழுத்து தானாக மேலே போனது. கண்ணிமைக்கிற நேரம். மாப்பிள்ளை அவன் முதுகில் வந்து மோதி, நினைவில்லாமல் உருண்டு போனான். பாராசூட் தானாக விரிந்ததே தவிர, கயிற்றை இழுத்துத் திருப்ப அவனுக்கு நினைவு இல்லை. கீழே ஒரு கட்டடச் சுவரில் போய் மோதினான். உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

இரண்டு வருஷம் அண்ணன்தான் அவனுக்கு மலம் அள்ளினான், குளிப்பாட்டினான், புண் வராமல் புரட்டிப் போட்டான். கட்டிலுக்கு மேலே சங்கிலியும் மோட்டாரும் மாட்டி, பொத்தானை அமுக்கினால் தூளியோடு ஆளைத் தூக்குகிற மாதிரி செய்து வைத்தான். "மச்சான், எந்த மாடிக்கு?" என்று மாப்பிள்ளை கேட்பான். தங்கை மட்டும் அண்ணனிடம் வாயே திறக்கவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஒரு வார்த்தை போதும், திட்டாக இருந்தாலும் சரி என்று காத்துக் கிடந்தான்.

அன்று காலையில் மாப்பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினான். தங்கை கதவோரம் நின்றிருந்தாள்.

"அண்ணா."

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

"நீ போயிடுண்ணா. அந்தப் பொத்தானை அமுக்கறப்பெல்லாம் ஒரு தடவை மேல பாக்கறே. தினமும் பாக்கறே. என்னால தாங்க முடியலை."

பொத்தானை எப்படி அமுக்குவது, சங்கிலிக்கு எப்போது எண்ணெய் விடுவது என்று அவளுக்குக் காட்டினான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியையும் படியிலேயே இறங்கினான்.

தங்கை பால்கனிக்கு வந்தது அவனுக்குத் தெரியாதா? பிடரியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தே வெளிக்கதவைத் தாண்டினான்.