டெலிபோனுக்குப் போட்ட பூட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போவீர்கள், போங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளில் எனக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே இருந்ததே ஒரு டெலிபோன், அதன் டயலுக்கும் ஒரு பூட்டு, சாவி மேனேஜர் இடுப்பில். இல்லாவிட்டால் நாங்கள் ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்துவிடுவோமாம். அன்று மத்தியானம் மனுஷன் சாவியோடு பூந்தமல்லியில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்து மிஷினுக்குத் திரும்பிய ஃபிட்டர் முனுசாமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் சரியாக இரண்டு மணி.

"வாயுதான் நைனா, ஒரு சோடா குடிச்சா செரியாப்பூடும்," என்றார் வாட்ச்மேன் தேசிங்கு.

"யோவ், அவுரு மூஞ்சியப் பாத்துகினே சோடாங்கிறியே, ஆம்புலன்ஸ கூப்புடணும்யா," என்றேன்.

எதில் கூப்பிடுவது? வெல்டர் எத்திராஜ் பூட்டை உடைக்கச் சுத்தியலோடு வந்தான். உடைத்தால் எல்லாருக்கும் வேலை போய்விடும் என்று தேசிங்கு குறுக்கே நின்றார். இங்கே ஆள் செத்துக்கொண்டிருக்கிறார், இவர் டெலிபோனுக்குக் காவல் காக்கிறார். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள், அந்தச் சண்டை முடிவதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

டிரைவர் எங்களைத்தான் திட்டினார். "ஒண்ணர மணிக்கே போன் பண்ணிட்டு, கேட்டக்கூட தொறக்காம இன்னா பண்ணிகினு கீறீங்க?"

ஒன்றரை மணிக்கு முனுசாமி என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்த புளிச்சாதத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார், ஒரு நோவும் இல்லாமல். நான் திரும்பிப் பார்த்தேன். டயலில் பூட்டு அப்படியேதான் தொங்கியது.

இன்னும் அரைமணி ஆகியிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். முனுசாமி பிழைத்துப் பேரன் பேத்தி எடுத்தார். மேனேஜரோ, சாவி இல்லாமல் எப்படிப் போன் செய்தீர்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் மெமோ கொடுத்தார். அதற்கு என்னவென்று பதில் எழுதுவது?

அதுகூடப் போகட்டும். முனுசாமியை ஏற்றிய பிறகும் டிரைவர் கிளம்பாமல் பட்டறைக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். சீக்கிரம் போய்யா என்று கத்தினேன்.

"ரெண்டு பேருக்கு நெஞ்சு வலின்னு சொன்னாங்களே, இன்னொருத்தர் எங்க?" என்றார்.

தேசிங்கு மஞ்சள் காமாலையில் போனார். எத்திராஜ் லாரியில் அடிபட்டுப் போனான். பாக்கி நான்தான். போன மாதம் என் மகன், அக்கம்பக்கத்தார் வந்து ஓயாமல் பேசுகிறார்கள் என்று எங்கள் வீட்டு டெலிபோனுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான். பிடுங்கிக் கிணற்றில் போட்டேன்.