கதவடியில் சொருகிய துண்டு

எலியை நான்தான் குளிப்பாட்டினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு மாடியறையில் என் மகள் அதை இரண்டு வருடமாக வளர்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்பில் யாரோடும் பேசாமல், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஏதாவது பிராணி வளர்க்கட்டும் என்றார் பள்ளியின் மனநலக் கவுன்சிலர். நான் நாய்க்குட்டியை எதிர்பார்த்தேன், எலி வந்தது. அது வந்த பிறகு கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. அந்த ஒரு சாணுக்காக நான் எலியைப் பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் கதவை மூடி, அடியில் ஒரு துண்டைச் சொருகிவிடுவாள். கீழே நான் விளக்கேற்றி சாம்பிராணி போடும் நேரம். அவளுக்குச் சாமி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் அந்த ஒரு சாணும் போய்விடுமோ என்ற பயம்.

போன மாதம் பள்ளியில் மூன்று நாள் ஆஸ்டினுக்கு அழைத்துப்போனார்கள். கிளம்பும்போது எலிக்கூண்டைக் காட்டிச் சொன்னாள்:

"அம்மா, அவனுக்கு இட்லி குடுக்காத."

"ஒரு விள்ளல்தானேடி குடுத்தேன்."

"ஹீ காட் ஃபேட். அப்புறம் ஸ்ப்ரே, கேண்டில் எதுவும் அவன்கிட்ட வேணாம். ஸ்மெல் வந்தா ஈரத் துணியால தொடச்சா போதும்."

"சரிடி. உன்னையே வளத்தவ நான்."

"அதான் பயமா இருக்கு" என்று சிரித்தாள்.

இரண்டாம் நாள் வாடை தாங்கவில்லை. துடைத்துப் பார்த்தேன், வாலில் காய்ந்த அழுக்கு போகவில்லை. வாஷ்பேசினில் இரண்டு விரல்கடை அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தேன். குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு. காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டேன். அது என் கையைப் பற்றித் தோள்வரை ஏறியது. இறக்கி இறக்கிக் குளிப்பாட்டினேன். துவட்டிய பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது. கூண்டில் விட்டு டிரையர் போட்டேன், சத்தத்துக்கு மூலையில் போய் ஒடுங்கியது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவேன். அந்தக் கை தானாகவே அலமாரிக்குப் போனது. கப் சாம்பிராணி ஒன்றை ஏற்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து, சூடு நிற்கட்டும் என்று கூண்டின் மேல் துண்டையும் போட்டேன். ஸ்ப்ரே கூடாது, கேண்டில் கூடாது என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. சாம்பிராணியும் அதில் சேரும் என்று தோன்றவே இல்லை.

பத்து நிமிடம் கழித்துத் துண்டை எடுத்தேன். மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. விலா இரண்டும் உள்ளே போய்ப் போய் வந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்னச் சத்தம்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் ஆக்சிஜன் வைத்தார். அந்தச் சிவப்பு ரத்தமில்லை, பயந்தாலும் நோயுற்றாலும் எலிக்கு அப்படிக் கசியும் என்றார். எலி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், வயதான எலிக்கு நுரையீரல் தாங்காது, எந்தப் புகையும் ஆகாது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் மகள் வந்து எலியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாம்பிராணியா?"

"குளிர்ல நடுங்கினான்டி. அதான்."

"அந்தப் புகை வரக்கூடாதுன்னுதான்மா டவல் வெப்பேன். எவ்ரி ஃப்ரைடே. நீ ஏன்னு கேக்கவே இல்ல."

முதல் முறையாக நான் எலியை 'அவன்' என்று சொன்னதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் அவன் செத்துப்போனான். பின்பக்கத்து வேலியோரம் அவளே குழி தோண்டினாள். மண்வெட்டியை நான் கேட்டபோது தரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி போடவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு மாடிக்குப் போனேன். கதவு மூடியிருந்தது. அடியில் துண்டு சொருகியிருந்தது.