தங்கள் வாசலிலேயே தர்ணா

ஊரில் அவருக்குப் பெயர் ஹலோ. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எந்த மேடையானாலும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். ஏறி, மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஹலோ... ஹலோ..." என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. ஒருவர் கைக்கு மைக் போய்விட்டால், அவராகக் கொடுக்கும்வரை சத்தத்தை நிறுத்தக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா தள்ளாடிக்கொண்டே வந்து பாட ஆரம்பித்தார். பெண் வீட்டார் மொத்தப் பேரும் கண்ஜாடை காட்டியும் ஹலோ அசையவில்லை. "பேசுறவன் வாயை மூட நான் யாரு?" என்று சொல்லிவிட்டார்.

மண்ணுரிமைக் கட்சிக்கு அவர் செட் போட்டது வாடகைக்காக மட்டும் அல்ல. அப்போது நகராட்சியில் தலைநகரத்துக் கட்சிகளின் ஆட்கள் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வரி நோட்டீஸ்கூட ஊரில் பாதிப் பேருக்குப் புரியாத தலைநகரத்து மொழியில்தான் வரும். 'நம் ஊரை நாமே ஆள்வோம்' என்று ஒரு கட்சி கிளம்பியதும் ஹலோவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்கு ஊரில் தலைவராக வந்தவர் பக்கத்துத் தெரு மரக்கடைக்காரர். தலைநகரத்தை அவர் தொண்டை கிழியத் திட்டும்போதெல்லாம் ஹலோ ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைப்பார். கட்சி ஜெயித்து, மரக்கடைக்காரர் நகராட்சித் தலைவரான அன்று ஹலோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது உங்க குரலுண்ணே" என்றார்.

நோட்டீஸ் நம் மொழியில் வர ஆரம்பித்தது. அதை இல்லை என்றால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மொழி மாறிய நோட்டீஸ் வந்ததே தவிர, சாக்கடை அள்ள ஒரு ஈ காக்கை வரவில்லை.

ஹலோவின் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, லேசாகத் தூறினாலே தண்ணீர் படியேறி வீட்டுக்குள் வந்தது. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய். தையல் மெஷின் மிதிக்கிற வலது காலில் புண். "இந்தக் கால்ல சாக்கடைத் தண்ணி பட்டுச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே ஹலோ போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடுவார்.

தலைவரைப் போய்ப் பார்த்தார்.

"தலைநகரம் நிதி தர மாட்டேங்குதுண்ணே. நம்மள வஞ்சிக்கிறாங்க."

"அடைப்பு எடுக்க நிதி எதுக்கு தம்பி? உறிஞ்சுற லாரி உங்க ஆபீஸ் பின்னாடி சும்மாதானே நிக்குது?"

"அண்ணே, இது சாக்கடைப் பிரச்சனை இல்ல. நம்ம தன்மானப் பிரச்சனை."

ஹலோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன்மானமா வீட்டுக்குள் வந்து நாறுகிறது? லாரி டிரைவரிடமே போய் நின்றார், கெஞ்சினார். துப்புரவு மேஸ்திரியிடம் சொல்லி அனுமதி வாங்கிய டிரைவர், "நாளைக் காலையில உங்க தெருதாண்ணே" என்றார்.

அன்று மாலையே கட்சிச் செயலாளர் போன் செய்தார். காலையில் போராட்டமாம், செட் வேண்டுமாம்.

"எதுக்குப் போராட்டம்?"

"சாக்கடைக்குத்தாண்ணே! உங்க தெருவுக்காகவே!"

"யாரை எதிர்த்து?"

"தலைநகரத்தை எதிர்த்து. நகராட்சி ஆபீஸ் வாசல்ல."

"அது இப்ப நம்ம ஆபீஸ்தானேப்பா?"

"எப்பவும் அங்கதானேண்ணே உட்காருவோம். பழகிப்போச்சு."

காலையில் அலுவலக வாசலை அடைத்து ஜமக்காளம் விரித்தார்கள். வாசலின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்தது ஹலோதான். லாரி விடியும்போதே கிளம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தலைவர் பேச ஆரம்பித்தார்.

"கேட்கிறேன்! எங்கள் சாக்கடையை அள்ள வேண்டியது யார்?"

அவர் முதுகுக்குப் பின்னால், அலுவலக வளாகத்துக்குள்ளிருந்து, லாரி ஹாரன் அடித்தது.

"அந்த ஹாரனை நிறுத்துங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். டிரைவர் இறங்கி ஓடி வந்து ஹலோவின் தோளைத் தொட்டார். "வழி விடச் சொல்லுங்கண்ணே. மேகம் கட்டிக்கிட்டு வருது. மழை பிடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது."

ஹலோ குனிந்தபடியே போய்த் தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, வண்டி வெளிய போகணும். எங்க தெருவுக்குத்தான்."

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்கண்ணே. பத்திரிகைக்காரங்க இப்பதான் வந்திருக்காங்க."

ஹலோ திரும்பி வந்தார். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு முன்னால் நின்றார். வாழ்நாளில் செய்யாததைச் செய்தார்.

தலைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"ஹலோ!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார் ஹலோ. "எந்திரிங்கய்யா எல்லாரும்! சாக்கடை அள்ளுற வண்டியை அடைச்சு வச்சுக்கிட்டு சாக்கடை அள்ளச் சொல்லிப் போராட்டமா? வெக்கமா இல்ல? என் பொண்டாட்டி கால் போனா நீங்களா தருவீங்க?"

ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்; கடைசியில் தலைவரும் எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. லாரி வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் செயலாளர் கையை உயர்த்தி, "போராட்டம் வென்றது!" என்று கூவினார். கூட்டம் கைதட்டியது. மரக்கடைக்காரர் கூசாமல் லாரியைப் பார்த்துக் கையசைத்தார், பத்திரிகைக்காரர்கள் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஹலோ திரும்பிப் பார்க்காமல் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அடைப்பு எடுத்து முடித்ததும் மழை கொட்டியது. தெருத் தண்ணீர் சாக்கடையில் சுழித்துக்கொண்டு இறங்கியது. ஹலோ வீட்டுக்குள் வந்ததும் போன் அடித்தது. செயலாளர்தான்.

"அண்ணே, கோபத்த விடுங்க. சாயங்காலம் வெற்றிப் பொதுக்கூட்டம். செட் வேணும்."

"வண்டியை அடைச்சதும் நீங்க, போராடினதும் நீங்க, ஜெயிச்சதும் நீங்க. சத்தத்தையும் நீங்களே போட்டுக்குங்க."

"யாருங்க?" என்று மனைவி மெஷினிலிருந்து கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றார் ஹலோ. கீழே உட்கார்ந்து அவள் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். கட்டு காய்ந்திருந்தது.